மறு: ஹீ-மேன் தலையில் பெயின்ட் காயவே இல்லை

நண்பரே, 1982 மாடல் ஹீ-மேன் பொம்மையின் முடிக்கு எனாமல் (எண்ணெய் பெயின்ட்) ஸ்ப்ரே அடித்து ஒரு மாதம் ஆகியும் விரலில் ஒட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் காத்திருந்தாலும் காயாது. அந்தத் தலை மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக். அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை எனாமலுக்குள் ஊறி, அதை இறுக விடாது. ஒட்டாமல் இருக்க மேலே பவுடர் தூவினால் அழுக்குதான் சேரும்.

தலையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிக் கழன்று வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு, ஒட்டும் எனாமலைப் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். கண், புருவம் பக்கம் போகவே வேண்டாம். கம்பெனி பெயின்ட் போனால் அந்த முகம் திரும்பக் கிடைக்காது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கையே கெடுத்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, அக்ரிலிக் பெயின்டை நீர்க்கக் கரைத்து மெல்லிசாக மூன்று நான்கு கோட் பிரஷ்ஷால் கொடுங்கள். வார்னிஷும் அக்ரிலிக்கிலேயே, பிரஷ்ஷிலேயே.