கத்தரியும் சான்றிதழும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மன்னார்குடியில் பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறார். தாத்தா காலத்தில் வீடு வீடாகப் போய் முடி வெட்டியவர்கள் நாங்கள். அரசு செலவில் மூன்று மாத அழகுக்கலை, சிகை அலங்காரப் பயிற்சி என்று ஊராட்சி அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சேருகிறேன் என்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்தக் கத்தரி உன் கைக்கு வரக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் நான் பிடித்தேன்" என்றார். என்னோடு படித்த இன்னொரு பெண் அதே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அவள் வேறு சமூகம். அவள் பியூட்டிஷியன் ஆகப்போகிறாள் என்கிறார்கள். நான் சேர்ந்தால், படித்தும் அப்பன் தொழிலுக்கே வந்துவிட்டாள் என்பார்கள். சேரலாமா? இந்த இலவசப் பயிற்சிகளால் உண்மையில் பயன் உண்டா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதற்குப் பதில் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தத் தயக்கத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரியவர் வருவார். வாசல் வழியாக வரமாட்டார். சந்து வழியே கொல்லைக்கு வந்து, மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பலகையைப் போடுவார். தகரப் பெட்டிக்குள் சீப்பு, கத்தரி, கையால் அமுக்கும் மிஷின், கத்தி தீட்டும் தோல்வார், ஒரு படிகாரக் கட்டி. என் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொள்வார். மிஷின் முடியைக் கவ்வி இழுக்கும். எனக்கு எட்டு வயது, அவருக்கு அறுபதாவது இருக்கும். "மெதுவாக வெட்டு" என்று அதட்டுவேன். வெட்டுங்கள் என்று சொல்ல வேண்டும் என எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் திருத்தியிருக்கவே முடியாது. அவர் கையில் யாரும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் மரக்கால் கணக்கில் நெல் அளப்பார்கள். மகசூல் குறைந்த வருடம் அதுவும் குறையும். அவர் வீட்டு அம்மாள்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். அதற்கு ஒரு புடவையும் கொஞ்சம் அரிசியும். இன்றைக்கு முடியாது என்று சொல்ல அவர்கள் இருவராலும் ஆகாது.

உங்கள் அப்பா சிறுபிள்ளையாக இதன் கடைசிக் காலத்தைப் பார்த்திருப்பார். கத்தரி என்றதும் அவர் கண்ணுக்கு அந்தக் கொல்லைப்புறமும் சேர்ந்துதான் தெரியும். அதைக் கிழவனாரின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அரசாங்கமே ஏறக்குறைய அவர் பேச்சைத்தான் பேசியிருக்கிறது.

முதலில் அதற்கு நேர் எதிராக, 1953இல் ராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் அரை நாள், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயரெடுத்து, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராஜர் முதல்வரான பிறகு கைவிடப்பட்டது. உங்கள் தாத்தா அப்போது பள்ளிக்கூட வயதில் இருந்திருப்பார். பிறகு 2023 செப்டம்பர் 17இல் மத்திய அரசு, பாரம்பரியக் கைத்தொழில் செய்பவர்களுக்குக் கடன் தரும் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்களில் நாவிதர் தொழிலும் ஒன்று. ஐந்து சதவிகித வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன்; கருவி வாங்க ₹15,000. வயது 18 ஆனால் போதும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அப்படி மாறாததால் இங்கே அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதிவிட்டது. அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. எந்தச் சமூகத்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டு அப்பன் கடைக்குத் திரும்பிவிடக் கூடாது என்ற கவலைதான் அந்த 35. அந்த வயதை முடிவுசெய்த இடத்தில் உங்கள் அப்பாவை உட்காரவைத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் திட்டத்துக்கு உங்கள் வயது போதாது, அவர் வயது போதும். சிகை அலங்காரம் அதில் உள்ள 25 தொழில்களில் ஒன்று. மூன்று லட்சம் வரை கடன், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் ₹50,000, மானியம். வட்டியிலும் ஐந்து சதவிகிதம் வரை அரசு ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். கடையில் நாற்காலியின் சீட்டு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டிய முதல் விண்ணப்பம் அவருடையது. பி.காம். படித்த நீங்கள் எழுதிக்கொடுங்கள்.

ஊர்ப்பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரே வகுப்பு, ஒரே ஃபேஷியல். ஒருத்திக்குப் பட்டம், இன்னொருத்திக்குச் சாதிப்பெயர். கும்பகோணத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த சலூன்கள் சில வந்திருக்கின்றன. அங்கே சாதி கிடையாது என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்தவற்றில் கல்லாவில் இருந்தவர் யாரோ, நாற்காலிக்குப் பின்னால் நின்ற பையன்கள் பெரும்பாலும் உங்கள் சமூகத்துப் பிள்ளைகள். தொழிலில் பணம் வந்ததும் எல்லோருக்கும் கூச்சம் விட்டுவிட்டது. அந்தப் பணம் பரம்பரையாக அதைச் செய்தவர்கள் கைக்கு வந்ததா என்பதுதான் என் கேள்வி. அதனால்தான் நீங்கள் சேர வேண்டும் என்கிறேன். ஆனால் அந்த நோட்டீஸை நம்பி மட்டும் வேண்டாம்.

என் அண்ணன் மகள் சில வருடங்களுக்கு முன் இப்படியொரு இலவசப் பயிற்சியில் சேர்ந்தாள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முப்பது பெண்கள், நான்கு டம்மி தலைகள். அதில் ஒன்றுக்குப் பாதி முடி உதிர்ந்திருந்தது. காலையில் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைப்பது மட்டும் தவறாமல் நடந்தது. த்ரெட்டிங் பழக ஆள் கிடைக்காமல் தன் கெண்டைக்கால் முடியிலேயே நூலை ஓட்டிப் பழகினாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் சிவந்திருக்கும். மூன்று மாத முடிவில் தேர்வாளர் ஒருவர் வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். சான்றிதழ் பளபளவென்று வந்தது. முடியை நனைத்துப் பகுதி பிரித்து வெட்ட அவளுக்குத் தெரியாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ரகசியம் ஒன்றுமில்லை. மத்திய அரசின் பயிற்சித் திட்டங்களுக்கு 2015இல் வந்த பொது விதிமுறை, ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்து அப்போது வைத்த தொகை ₹38.50, ₹33, ₹27.50. ஆசிரியர் சம்பளம், கருவி, கிரீம், மெழுகு எல்லாம் அதற்குள். நேர்மையான நிறுவனம் தலைகள் வாங்கும். மற்றது தலைகளை எண்ணும்.

ஆகவே சேருவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை டம்மி தலை, வாரத்தில் எத்தனை நாள் உயிருள்ள தலையில் வேலை, சொல்லித்தரும் அம்மாள் எப்போதாவது பார்லர் நடத்தியவரா, முந்தைய குழுவில் படித்தவர்களில் மூன்று பேரின் தொலைபேசி எண் தருவார்களா என்று கேளுங்கள். எண் தரத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். நேரம் இருந்தால் ஓராண்டுப் படிப்பு இன்னும் நல்லது. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்று ஒரு பிரிவு உண்டு, பத்தாம் வகுப்பு போதும். அரசு ஐ.டி.ஐ. என்றால் கட்டணம் இல்லை, மாதம் ₹750 உதவித்தொகையும் உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரிக்க வேண்டும். ஆர்செட்டி என்று வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சி ஒரு மாத அளவுதான். ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். முடித்தவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து விசாரித்து, கடனுக்கு வழிசெய்வதும் அவர்கள் வேலை.

அண்ணன் மகள் தொழில் கற்றது பிறகுதான், கும்பகோணத்தில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு அக்காவிடம் இரண்டு முகூர்த்த சீசன் கையாளாக வேலை செய்து. ஆறு மணி முகூர்த்தம் என்றால் இரண்டரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். சவுரி சேர்த்துப் பின்னி, ராக்கொடி வைத்து, பூ ஜடையைத் தைத்து, குஞ்சலம் கட்டுவதற்குள் கல்யாணப் பெண் இரண்டு முறை தூங்கி விழுவாள். ஹேர்பின் குத்தும்போது ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வாராம் அந்த அக்கா. ஐம்பத்திரண்டு குத்தினால், சாயங்காலம் அலங்காரத்தைக் கலைக்கும்போது ஐம்பத்திரண்டும் கைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது பெண்ணின் தலையில் எங்கோ இருக்கிறது, இரவு தலையணையில் குத்தும். இதைச் சொல்லித்தரும் பாடப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாதே, அப்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக்கு அதற்கொரு விடை உண்டு: திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் பிறந்த மாதம், நட்சத்திரம் பார்த்து நடப்பவை. அவற்றுக்கு ஆடி, மார்கழி என்று விலக்கு இல்லை. அங்கே வரும் மணப்பெண்ணுக்கு வயது ஐம்பத்தைந்தோ எழுபத்தைந்தோ. முடி மெலிந்திருக்கும், முன்வகிடு அகன்றிருக்கும். போட்டோவுக்காக முந்தின நாள் டை அடிக்கச் சொல்வார்கள். அங்கேதான் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் வித்தியாசம். கறுப்பு டைகள் பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கிவிடும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவிப் பார்க்க வேண்டும். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு டை என்றால் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். பயிற்சியில் வேறெதுவும் கற்காவிட்டாலும் அந்த 'முடியாது'வைக் கற்றுக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊர்ப் பெரியவரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

இன்னொன்று, விலைப்பட்டியல். முதல் நாளே எழுதிச் சுவரில் மாட்டுங்கள். சொந்தக்காரர், தெரிந்தவர், அப்பாவின் பழைய வாடிக்கைக்காரர் வீட்டுப் பெண் என்று யார் வந்தாலும் சுவரைக் காட்டுங்கள். "உன் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்து வெட்டுவார்" என்று சொல்லிக்கொண்டு ஒரு அம்மாள் நிச்சயம் வருவார். அவருக்கும் அதே விலை.

அப்பாவிடம் இப்போது வாதாடாதீர்கள். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறைதானே? பூட்டிய கடையைத் திறக்கச் சொல்லி, கத்தரியை எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். மோதிர விரல் எந்த வளையத்தில், அசையும் கத்தி எது, அசையாத கத்தி எது என்று அவர் காட்டுவார். மிஷின் தொடாமல் சீப்பும் கத்தரியும் மட்டும் வைத்துப் பின்கழுத்து முடியைப் படிப்படியாகக் குறைக்கத் தெரிந்தவர் அவர். அது இந்த மூன்று மாதப் பயிற்சியில் கிடைக்காது. பழக ஒரு தலை வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வருகிறேன். வெட்ட அதிகம் மிச்சமில்லை, ஆனால் பின்கழுத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பலகை வேண்டாம், அப்பாவின் நாற்காலியிலேயே உட்காருகிறேன். சுவரில் என்ன விலை எழுதியிருக்கிறீர்களோ அதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.