அயுத்தயா: வெள்ளத்தை நம்பிய நகரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஆறுகள் சூழ்ந்த அயுத்தயா, அன்றைய சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரம், 1767இல் பர்மியர் கையில் எப்படி விழுந்தது? உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள் என்று படித்தேன். அது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காட்டிக்கொடுத்த கதை 1569 வீழ்ச்சிக்கு உரியது. அன்று பர்மிய மன்னர் பயினௌங்குக்கு உதவியவர் அயுத்தயாவின் பிரபு பியா சக்ரி என்கின்றன தாய்லாந்து நாளாகமங்கள். 1767க்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஆனால் துரோகி இல்லாமலே 1767 வீழ்ச்சியை விளக்கிவிடலாம்.

அயுத்தயாவின் உண்மையான காவல் மதில் அல்ல, மழைக்காலம். செப்டம்பர் வந்தால் சாவோ பிரயா ஆறு கரை புரண்டு சமவெளி முழுக்கத் தண்ணீராகிவிடும். முற்றுகையிட்டவன் கூடாரம் மூழ்கும், வெடிமருந்து நனையும், யானைக்கும் குதிரைக்கும் மேயத் தரை இருக்காது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பதே அரண்மனைக் கணக்கு. 1760இல் முற்றுகையிட்ட பர்மிய மன்னர் அலௌங்பயா நோயுற்று, மழைக்கு முன்பே திரும்பிப்போனதும் அந்த நம்பிக்கையை வளர்த்திருக்கும்.

1766 பிப்ரவரியில் பர்மியத் தளபதிகள் வடக்கிலிருந்து திகபதேயும் மேற்கிலிருந்து மகா நவ்ரதாவும் வந்து சேர்ந்தார்கள். மழை வந்தது, அவர்கள் போகவில்லை. கோயில் மேடுகளுக்குப் பாசறையை மாற்றினார்கள், கரை எழுப்பினார்கள், படகுகளைத் திரட்டி நீர்வழியையும் அடைத்தார்கள். வெள்ளக்காலத்தில் படகில் வந்திருக்க வேண்டிய உணவு நின்றுபோயிற்று. வெள்ளம் வடிந்தபோது பட்டினி கிடந்தது நகரம்தான். 1767 ஜனவரியில் சயாம் தளபதி தக்சின் சில நூறு பேருடன் முற்றுகையைக் கிழித்துக்கொண்டு கிழக்கே போனார்.

நீங்கள் சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். மூன்று பக்கம்தான் இயற்கை ஆறு. கிழக்குப் பக்கம் வெட்டிய அகழி. அகழி ஆற்றோடு சேரும் வடகிழக்கு மூலையான ஹுவா ரோவைத்தான் பர்மியர் குறிவைத்தார்கள். அங்கே தண்ணீர் குறுகல். கோடையில் ஆறு இளைத்ததும் மதிலடி வரை சுரங்கம் தோண்டி, அடித்தளத்தின்கீழ் விறகு அடுக்கிக் கொளுத்தினார்கள். தாங்குவது போனால் செங்கல் மதில் தன் எடையாலேயே சரியும். ஏப்ரல் 7 அன்று சரிந்தது.

அங்கே போனால் அந்த மதிலைத் தேடாதீர்கள். 1782க்குப் பிறகு செங்கற்களைப் பெயர்த்துப் படகேற்றி, பாங்காக் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்கத் தென்கிழக்கு மூலையில் பெட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது.