போட்டோ மென்பொருளில் தமிழ்க் குறிப்புகள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகுமா?

ஆகாது. அது கிடக்கட்டும். "எல்லாக் கோப்பிலும் மெட்டாடேட்டாவை (அதாவது படத்தோடு சேர்ந்திருக்கும் குறிப்புகளை) எழுது என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்திப் பார்க்கவா" என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்களே, அதில் கை வைக்காதீர்கள். இன்னும் அழுத்தவில்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் அழுத்தினேன்.

பழைய கணினியில் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். புதுசு வாங்கி, வேறு மென்பொருளுக்கு மாறியிருப்பீர்கள். அப்புறம்தான் கேள்விக்குறி. சரிதானே? எனக்கும் அப்படித்தான்.

கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் ஐந்து ஆல்பம் இருந்தது. ஸ்கேன் செய்ததில் 412 படம் தேறியது. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லேப்டாப்போடு போய் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படத்தின் கீழும் அடித்தேன். சும்மா பெயர் மட்டும் இல்லை. "இடமிருந்து மூன்றாவது சீவலப்பேரி அத்தை, மடியில் இருப்பது அவள் குழந்தை அல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தை" என்கிற அளவுக்கு. புது லேப்டாப்பில் திறந்தபோது அந்த வரி முழுக்கக் கேள்விக்குறி. பழைய லேப்டாப்பை அதற்கு முந்தின வாரம்தான் சுத்தமாக ஃபார்மட் செய்து தங்கை மகனிடம் கொடுத்திருந்தேன்.

பதறிப்போய் அந்தப் பட்டனை அழுத்தினேன். அறுபது படம் ஓடியதும் எதுவோ உறுத்தி நிறுத்தினேன். அந்த அறுபதும் போனது போனதுதான்.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. நாம் அடிக்கும் குறிப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. மென்பொருள் தன் தரவுத்தளத்தில் ஒன்று வைத்திருக்கும். படக் கோப்புக்குள் ஐபிடிசி என்ற பகுதியில் ஒன்று, எக்ஸ்எம்பி என்ற பகுதியில் இன்னொன்று இருக்கும். ஐபிடிசி 1990களின் தொடக்கத்தில் செய்தி நிறுவனங்களுக்காக வந்த பழைய ஏற்பாடு. எழுத்து யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) இருக்கிறது என்று அதில் தனியாக ஓர் அடையாளம் போட வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிற மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். எக்ஸ்எம்பி 2001இல் அடோபி கொண்டுவந்தது. அதில் யூனிகோட் மட்டும்தான், இந்தத் தொல்லை இல்லை. என் பழைய மென்பொருள் எக்ஸ்எம்பியில் தமிழைச் சரியாக எழுதிவிட்டு, ஐபிடிசியில் கேள்விக்குறியைக் கொட்டியிருந்தது. திரையில் காட்டியதோ தரவுத்தளத்தில் இருந்ததை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. புதிய மென்பொருள் முதலில் ஐபிடிசியைப் படித்தது. நான் பட்டனை அழுத்தியதும் அந்தக் கேள்விக்குறிகளைக் கொண்டுபோய் நல்லா இருந்த எக்ஸ்எம்பி மேலேயே எழுதிவிட்டது.

எனவே முதலில் முழு ஃபோல்டரையும் வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். பிறகு எக்சிஃப்டூல் இறக்கிக்கொள்ளுங்கள். பில் ஹார்வி என்பவர் 2003 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் கருவி. பட்டன் எதுவும் இருக்காது, கருப்பு விண்டோவில் கட்டளை அடிக்க வேண்டும். கோப்பில் உள்ள எல்லாவற்றையும் எந்தப் பகுதியில் என்ன என்று பிரித்துக் காட்டும். அந்த விண்டோவில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், விடையை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு நோட்பேடில் திறந்து பாருங்கள்.

வெறும் கேள்விக்குறி என்றால் அந்தப் பகுதியில் தமிழ் செத்துவிட்டது, மீட்க வழியில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இப்படி வரிசையாக வந்தால் சந்தோஷப்படுங்கள். தமிழ் உயிரோடுதான் இருக்கிறது, தப்பாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். எக்ஸ்எம்பியில் சரியாக இருந்தால் ஐபிடிசி பகுதியை மட்டும் எக்சிஃப்டூல் வழியாக நீக்கிவிட்டு, மென்பொருளிடம் கோப்பிலிருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். எனக்கு 352 படம் அப்படித்தான் திரும்ப வந்தது. எக்சிஃப்டூல் ஒவ்வொரு கோப்புக்கும் மூலத்தைத் தனிப்பெயரில் விட்டுவைக்கும். இடம் அடைக்கிறதே என்று அதை உடனே அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஐபிடிசியில் ஊர்ப் பெயருக்கு 32 பைட்தான் இடம் (கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவுதான் பைட்). யூனிகோட் தமிழில் 'தி' என்றால் த-வுக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு பைட். திருநெல்வேலி 36 ஆகிறது. அடையாளம் போட்டு ஒழுங்காக எழுதினாலும் அது "திருநெல்வே" என்று நின்று, பக்கத்தில் ஒரு உடைந்த கட்டத்தோடு கிடக்கும். மதுரைக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் இது தெரியவே தெரியாது, 15, 18 பைட்டில் முடிந்துவிடும்.

சில படங்களில் மட்டும் "எழுத முடியவில்லை" என்று வருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிஎன்ஜி என்ற வகைப் படத்தின் கோப்புக்கு யாரோ ஜேபெக் என்ற வேறு வகையின் பெயரை மாற்றி வைத்திருப்பார்கள். எக்சிஃப்டூல் அதையும் சொல்லிவிடும்.

நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன், மென்பொருள்காரன் இல்லை. "எனக்கு இருபது வருடமாக இப்படி வந்ததே இல்லை" என்று கருத்தில் எழுத வருபவர்கள் தாராளமாக எழுதுங்கள், ஆனால் நீங்கள் குறிப்பை எந்த மொழியில் அடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "இங்கிலீஷில் அடித்தால் பிரச்சினையே இல்லையே" என்று ஒருவர் ஏற்கெனவே எனக்குப் புத்தி சொன்னார். பெரியம்மா தமிழில்தானே சொல்கிறார்?

எக்சிஃப்டூலில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்கேன் செய்து கொடுத்த ஸ்டுடியோக்காரர் 412 படத்திலும் காப்புரிமை என்ற இடத்தில் தன் கடைப் பெயரையும் செல் நம்பரையும் போட்டு வைத்திருக்கிறார். என் தாத்தா கோவணத்தோடு ஆற்றங்கரையில் நிற்கிற படத்துக்கு இவர் உரிமையாளர்! ஒரு படத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு. இதே ஆட்கள்தான் என் கல்யாண நெகட்டிவைக் கேட்டபோது மழையில் நனைந்துவிட்டது என்றார்கள். அந்த வருடம் எங்கே மழை பெய்தது?

அறுபது படத்துக்கும் மறுபடி பெரியம்மாவிடம் போனேன். "போன தடவைதான் அத்தனையும் சொன்னேம்லா, மறுபடி எதுக்குல கேக்க?" என்று ஆரம்பித்தாலும், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சீவலப்பேரி அத்தை படம் வந்தது. மடியில் இருப்பது அத்தையின் சொந்தக் குழந்தைதானாம், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று தான் சொல்லவே இல்லையாம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், எக்ஸ்எம்பியில்.