துளிரை நம்பாதீர்கள்: கம்பு, பதியம், பக்கக்கன்று – கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கத்துப் பிச்சித் (சாதிமல்லித்) தோட்டங்களில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக ஒரு சிறு நாற்றுப்பண்ணை வைத்தவன் நான். முப்பது வருடத்தில் ஊன்றிய கம்புகளுக்குக் கணக்கில்லை. செத்த கம்புகளுக்கு ஓரளவு கணக்கு உண்டு. பாடம் சொன்னவை அவைதான். பூச்செடிகளைக் கம்பிலிருந்தும் பக்கக்கன்றிலிருந்தும் பெருக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தக்கலை): அண்ணாச்சி, பிச்சிக் கம்பு பத்து ஊன்றினேன். இரண்டே வாரத்தில் பத்தும் துளிர்த்தன. மூன்றாவது வாரம் எடுத்துத் தரையில் நட்டேன். அத்தனையும் கருகிவிட்டன. மண் சரியில்லையா?

பதில்: மண்மேல் பழி போடாதீர்கள், அம்மா. தாய்ச்செடியில் இருந்தபோதே கம்பு தனக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. வெட்டி ஊன்றியதும் கணுவில் உள்ள மொட்டு அந்தச் சேமிப்பைத் தின்று துளிர்க்கிறது. வேர் ஒன்றுகூட இல்லாமலே துளிர்க்கும். என் பண்ணையில் இதைப் பொய்த்துளிர் என்போம். முதலைத் தின்று விருந்து வைக்கிற வீடு மாதிரி; பார்க்கச் செழிப்பாகத்தான் இருக்கும்.

கீழே நடப்பது மெதுவான வேலை. வெட்டுவாயில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு கட்டும். பிறகுதான் நூல் நூலாக வேர் புறப்படும். பிச்சியில் இது முழுமையாக நடந்து, எடுத்து நடும் பக்குவம் வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். நீங்கள் மூன்றாம் வாரம் எடுத்தபோது அநேகமாகத் தடிப்பு மட்டுமே இருந்திருக்கும்.

நடுவில் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிடுங்கினால் அப்போதுதான் புறப்பட்ட வேர் அறுந்துபோகும். இரண்டு விரலால் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், கம்பு எதிர்த்துப் பிடிக்க வேண்டும். பையில் ஊன்றியிருந்தால் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கள். முதல் துளிர் முற்றி, அதற்கு மேல் இரண்டாம் சுற்றுத் துளிர் வந்தால் வேர் பிடித்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். முதல் துளிரை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேள்வி (பூதப்பாண்டி): எப்படிப்பட்ட கம்பை வெட்ட வேண்டும்? எவ்வளவு நீளம்?

பதில்: நுனியில் உள்ள இளங்கொப்பு வாடிவிடும். அடியில் உள்ள முற்றிய கட்டை சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில், பச்சை மங்கிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் கனமுள்ள பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பிச்சிக் கொடி அவ்வளவு தடிக்காது. அதற்குக் கொஞ்சம் மெலிந்த கம்பே போதும். நீளம் 15 முதல் 20 செ.மீ., கணு மூன்று அல்லது நான்கு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, கத்தி கூர்மையாக இருக்கட்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டை மட்டும் விடுங்கள். பெரிய இலையானால் பாதியாகக் கத்தரித்துவிடலாம். குறைந்தது இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும்.

அடியைச் சாய்த்தும் மேலை நேராகவும் வெட்டுங்கள். இது அழகுக்குச் சொல்வதல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் இலை உருவிய கம்பு ஒரு கட்டு கொடுத்தார்கள். தலை எது கால் எது என்று பாராமல் அரைநாள் முழுக்க ஊன்றி முடித்தேன். பாதிக் கம்பு தலைகீழ். செடிக்கு வேர் வரும் முனை வேறு, துளிர் வரும் முனை வேறு; நாம் திருப்பி வைத்தால் அது திரும்பிக்கொள்ளாது. முதலாளி திட்டவில்லை, சிரித்தார். அதுதான் வலித்தது.

கேள்வி (ஆரல்வாய்மொழி): குலசேகரத்தில் இருக்கும் என் மைத்துனர் ஆடியில் ஊன்றச் சொல்கிறார். அவருக்கு எல்லாம் வருகிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கைராசி என்கிறாள் என் மனைவி.

பதில்: ராசி உங்கள் கையில் இல்லை, கணவாயில் இருக்கிறது. அதே ஆடி மாதத்தில் குலசேகரத்தில் சாரல் பெய்து காற்றே ஈரமாக இருக்கும். உங்கள் ஊரில் கணவாய்க் காற்று வறட்டிக்கொண்டு வீசும். முப்பந்தலில் இத்தனை காற்றாலை ஏன் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வேரில்லாத கம்பால் நீரை உறிஞ்ச முடியாது. இலையோ நீரை விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலைவிட அந்தக் காற்றுதான் சீக்கிரம் கொல்லும்.

விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் உள்ளவர்கள் ஆனி, ஆடியில் ஊன்றலாம். தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை வரை பொறுப்பது நல்லது. பொறுக்க முடியாவிட்டால் மேற்குப் பக்கம் சுவர் மறைவு உள்ள இடமாகப் பார்த்து, அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கம்பின்மேல் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே அவிந்துவிடும்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): கம்பு ஊன்ற மணல் நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி மணல்தான். அதிலேயே ஊன்றலாமா?

பதில்: கடல் மணலில் வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பிலிருந்தே நீரை இழுத்துவிடும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டது. எம்-சாண்டை வாங்கிச் சலித்து, தூள் போகும்வரை கழுவிப் பயன்படுத்துங்கள். தூளோடு ஊன்றினால் சிமென்ட் பூசியது போல இறுகி, அடி அழுகும். அதில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு சேருங்கள். நார்க்கழிவிலும் உப்பு உண்டு, உவர்நீரில் ஊறிய தொண்டாக (தேங்காய் மட்டையாக) இருந்தால் இன்னும் அதிகம். மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். சாணம், உரம் எதுவும் இப்போது வேண்டாம். வேரில்லாதவனுக்கு விருந்து எதற்கு?

கேள்வி (நாகர்கோவில்): ஒட்டு ரோஜா வாங்கினேன். அடியிலிருந்து ஒரு கிளை வெகு செழிப்பாக வந்தது. பக்கக்கன்று என்று மகிழ்ந்து பிரித்து வைத்தேன். ஒரு வருடமாக முள்ளும் இலையும்தான். ஏன்?

பதில்: நீங்கள் பிரித்தது ரோஜாவின் பிள்ளையை அல்ல, வேர் கொடுத்த காட்டு ரோஜாவின் பிள்ளையை. ஒட்டுச் செடியில் மேலே இருப்பது ஒரு செடி, கீழே இருப்பது இன்னொன்று. ஒட்டுக்கட்டிய தடிப்புக்குக் கீழிருந்து வரும் எதுவும் நீங்கள் விரும்பி வாங்கிய பூவைத் தராது. மேலே உள்ள செடிக்குப் போக வேண்டிய உணவையும் அது பறித்துக்கொள்ளும். ஏழு இலை வந்தால் காடு, ஐந்து வந்தால் நாடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம்; நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் தோன்றிய இடத்திலேயே பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் மறுபடியும் முளைக்கும்.

பக்கக்கன்றை நம்பி எடுக்க வேண்டியது சொந்த வேரில் நிற்கும் செடிகளில்தான். குண்டுமல்லி, அரளி, தெச்சி (இட்லிப்பூ) எல்லாம் அப்படி.

கேள்வி (கொட்டாரம்): பூச்செடி இல்லை, மன்னிக்கவும். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் குட்டிகள் நிறைய வருகின்றன. பிடுங்கி வைத்தால் செத்துவிடுகின்றன.

பதில்: கறிவேப்பிலையும் பூக்கத்தானே செய்கிறது, கேளுங்கள். அந்தக் குட்டிகள் தாய் மரத்தின் பக்கவேரில் முளைத்தவை. பலவற்றுக்குச் சொந்த வேர் இருக்காது, தாயின் வேரில்தான் குடித்தனம். பிடுங்கியதும் பட்டினி. மரத்துக்கும் குட்டிக்கும் நடுவில் மண்வெட்டியை ஒரே வெட்டாக இறக்கி அந்த வேரைத் துண்டியுங்கள். குட்டியை அசைக்காதீர்கள். தண்ணீர் விட்டு ஒரு மாதம் அப்படியே விடுங்கள். இனி தாய் இல்லை என்று தெரிந்ததும் தானே வேர் விடும். பிறகு ஒரு மாலை நேரத்தில் மண்கட்டியோடு எடுத்து, இலையில் பாதியைக் குறைத்து நடுங்கள். குண்டுமல்லிப் பக்கக்கன்றுக்கும் இதே வழிதான். அதற்கு அடியிலேயே கொஞ்சம் வேர் இருக்கும் என்பதால் இன்னும் எளிது.

கேள்வி (பலர் கேட்டது): இளநீர், மஞ்சள்தூள், தேன், கற்றாழை – எதில் முக்கினால் வேர் வரும்?

பதில்: இளநீரில் வளர்ச்சி ஊக்கிகள் இருப்பது உண்மை. ஆனால் அதில் துளிரைத் தூண்டும் வகையும் உண்டு. பொய்த்துளிர்த் தொல்லை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சையும் வரும். இளநீரை நீங்கள் குடித்துவிடுங்கள். தேனும் மஞ்சளும் வெட்டுவாய் அழுகாமல் ஓரளவு காக்கலாம், வேரை உண்டாக்கா. வேர் வரவழைப்பது ஐ.பி.ஏ. என்ற ஊக்கி. உரக்கடையில் வேர்விடு தூளாகக் கிடைக்கும். ஈரமான அடியில் மெல்லிய பூச்சாக ஒட்டினால் போதும். வீட்டில் நாலு கம்பு ஊன்றுகிறவருக்கு அதுவும் தேவையில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாம் ஒன்றும் தடவாமலே வரும்.

கேள்வி (திருவட்டாறு): அரளி விஷம் என்கிறார்கள். கம்பு வெட்டலாமா?

பதில்: வெட்டலாம், கவனமாக. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலைக்கே அரளிப்பூ வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் கையாளுகிறார்கள். ஆனால் இலை, பட்டை, பால், பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேத்தியத்தில் அரளிப்பூவை விலக்கியது இதனால்தான். வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். மிச்சக் கம்பை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். மற்றபடி இதைவிட எளிதாக வேர் விடும் செடி குறைவு, தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தாலே விடும். அந்தப் பாட்டிலைக் குழந்தைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள்.

கேள்வி (சுசீந்திரம்): செண்பகக் கம்பு மூன்று தடவை ஊன்றியும் வரவில்லை.

பதில்: நான்காவது தடவையும் வருவது கடினம். ஒட்டுக்கன்று வாங்குங்கள். விதையானால் பழம் வெடித்த கையோடு ஊன்றுங்கள். முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி (இராஜாக்கமங்கலம்): தெச்சிக் கம்பு வேர் பிடித்தது. தரையில் வைத்த பிறகு இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.

பதில்: சிப்பி கலந்த கடற்கரை மண் காரத்தன்மை உள்ளது. அதில் இரும்புச்சத்து இருந்தாலும் தெச்சியால் எடுக்க முடியாது. மேற்கே சரளைக்கல் கலந்த சரல்மண்ணில் வேலியாகவே வளர்கிற செடி அது. குழியை அகலமாகத் தோண்டி, செம்மண்ணும் மக்கிய இலையும் நிரப்பி மாற்றி நடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிரும் சுவரோரம் வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): பிச்சியைக் கவாத்து செய்யும்போது விழும் கொடியை வீணாக்காமல் ஊன்றலாமா? எப்போது பூக்கும்?

பதில்: தாராளமாக. பிச்சிக்குக் கவாத்து மார்கழியில், குண்டுமல்லிக்கு ஒரு மாதம் முன்பே. நோயில்லாத கொடியாகப் பொறுக்குங்கள். கம்பில் நம்பிக்கை இல்லையென்றால் வெட்டாமலே தாழ்வான ஒரு கொடியை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே கல் வையுங்கள். இதுதான் பதியம். பதியத்துக்குத் தாய் சோறு போட்டுக்கொண்டே இருப்பதால் காற்றும் வெயிலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூன்று மாதம் கழித்துத் தாய்ப்பக்கம் வெட்டிப் பிரியுங்கள். தரையில் வைத்து ஆறு மாதத்தில் மொட்டுத் தலைகாட்டும். முதல் மொட்டுகளைக் கிள்ளச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. என் மனைவியே கேட்டதில்லை, பறித்துத் தலையில் வைத்துக்கொள்வாள்.