காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாயும் மகளும் என்னிடம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்தார்கள். மகள் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை, அதாவது ஏ.எல்., இரண்டு தரம் எழுதிவிட்டாள். பொறியியல் பீடத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் போதவில்லை. தாயின் கைப்பையில் கொழும்பிலுள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் விளம்பரத்தாள், நாலாய் மடித்தபடி. நான் "இருங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். மறுமுனையில் கனடாவிலிருந்து பிள்ளையின் மாமா. அங்கே நடுச்சாமம். நித்திரை முழித்துப் பேசுகிற அளவுக்கு அக்கறை, அதைக் குறை சொல்ல முடியாது.

"முதல் செமஸ்டர் காசை நான் அனுப்புறன் சேர். மிச்சத்தை இவையள் பார்த்துக்கொள்ளட்டும். சொஃப்ட்வெயார் எஞ்சினியர் எண்டால்தான் இப்ப மதிப்பு."

மிச்சம் என்று அவர் சொன்னது ஏழு செமஸ்டர்.

கொஞ்ச நேரம் நானும் வழக்கமான ஆறுதல்களைச் சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி, ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்றெல்லாம். பிறகு அந்தத் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். படிப்புக் கட்டணம் மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டியது. அதற்குமேல் வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிற செலவு. இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்டேன். சாம்பல்தீவில் ஒரு சீதனக் காணி இருக்கிறதாம்.

ஆறுதல் சொல்வதை அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, அந்தக் காணியில் இப்போது கை வைக்காதீர்கள். பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் படிப்பு அவளுக்கு வேண்டுமா என்று இதுவரை யாருமே அவளைக் கேட்கவில்லை, அதுதான் காரணம். நான் கேட்டேன். அவள் விளம்பரத்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செய்து பார்த்தால்தானே சேர் தெரியும்." அன்று அந்த அறையில் பேசிய நாலு பேரில் கணக்காகப் பேசியவள் அவள்தான்.

மூன்றாம் தரம் எழுதுவது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டமான பி.ஐ.ரி., திறந்த பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்லூரி எல்லாவற்றையும் ரியூட்டரி வாசலில் நிற்கும் எவரும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் அவற்றை விடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மென்பொருள் எழுதுகிறவர்கள் நம் ஊரிலேயே மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பிள்ளையை அங்கே அனுப்புங்கள்.

"அது என்ன, கிளாஸா?" என்று கேட்டார் தாய். கிளாஸ் இல்லை. ஆசிரியர் இல்லை, வரவு இல்லை, சான்றிதழ் இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு ரியூட்டரியின் மேல்மாடியை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரவலாக வாங்கிக்கொள்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்யும் பொடியன்கள் வருவார்கள். கோணேசபுரி கம்பஸில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள் வருவார்கள். நிலாவெளி விடுதிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுத்துப் பிழைக்கிற ஒருவர் வருவார். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் தவறாமல் வருகிறார். நம் ஊர்ச் சங்கங்களைப் போல்தான், தலைவர் தெரிவுக்கு அடிபாடு மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

அங்கே நடப்பது இதுதான். முதலில் ஒருவர் அரை மணி நேரம் பேசுவார், தான் அந்த மாதம் எதில் மாட்டிக்கொண்டார், எப்படி வெளியே வந்தார் என்று. பிறகு பிளேன்ரீ. பிறகு லப்டொப்கள் திறக்கும். ஒருவருடைய நிரலைச் சுவரில் பெரிதாகக் காட்டி மற்றவர்கள் பிழை பிடிப்பார்கள். எழுதியவர் கோபிக்காமல் இருந்து கேட்பார். கம்பனிகளில் அன்றாடம் நடப்பதும் இதுதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துச் சம்மதித்தால்தான் அது உள்ளே போகும். சம்மதம் கேட்டு அனுப்புவதை 'புல் ரிக்வெஸ்ட்' என்பார்கள். மூன்று வருடம் சோதனை எழுதிப் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு புல் ரிக்வெஸ்ட்கூட அனுப்பாமல் இன்டர்வியூவில் முழிக்கிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன்.

அவள் போன முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன். அந்த ஆசிரியை மாணவர் பெயர்ப்பட்டியலுக்கு ஒரு சின்னச் செயலி எழுதியிருந்தார். பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து இடம் விட்டிருந்தார். அதில் தெய்வேந்திரன் 'தெய்வேந்திரன' என்று புள்ளி இல்லாமல் நின்றார். எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்து. பன்னிரண்டுக்குள் ஏழு ஏன் கொள்ளவில்லை? எல்லோரும் வேறெங்கோ பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் விரல் விட்டு எண்ணிவிட்டு மெதுவாகச் சொன்னாள், கணினி எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறதோ என்று. அதுதான் விஷயம். கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கிற யூனிகோட் முறையில் 'தெ' என்பது 'த' ஒன்று, கொம்பு ஒன்று. 'ன்' என்பது 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிக் கூட்டினால் தெய்வேந்திரனுக்குப் பதின்மூன்று இடம் வேண்டும். பன்னிரண்டில் வெட்டினால் புள்ளி போய்விடும். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு எழுபது இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. கோயில் திருவிழா அறிவித்தல் தமிழில் போனால் இரண்டு மூன்று எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காசு வெட்டுகிறதே, அதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம் என்று விடுதிகளுக்கு இணையத்தளம் செய்கிறவர் விளக்கினார். பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு தரம் ஏ.எல். எழுதியும் தெரியவராத ஒன்றை அந்தக் கதிரை எனக்குச் சொன்னது.

சம்பளமில்லாமல் கூடிக் கூடி எழுதி என்ன பயன் என்று மாமா கேட்பார். அவருக்கு 2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கும். நம் கடற்கரைக்கு அந்த நாளை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் கிழமைகளில் இந்த நாட்டு மென்பொருள்காரர்கள் தொண்டாகக் கூடி எழுதியதுதான் 'சஹானா'. காணாமல் போனவர்களைப் பதிவது, எந்த முகாமில் யார் என்று பார்ப்பது, நிவாரணத்தைக் கணக்கு வைப்பது எல்லாம் அதில் செய்யலாம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று மூல நிரலோடு திறந்து விட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. விளம்பரத்தாள்களில் இந்தக் கதை வராது.

காசுக் கணக்கும் சொல்கிறேன். 'கூகுள் சம்மர் ஒஃப் கோட்' என்று ஒரு திட்டம் 2005 முதல் நடக்கிறது. இப்படித் திறந்து விட்ட மென்பொருள் ஒன்றுக்குச் சில மாதம் உழைத்தால் உதவித்தொகை தருவார்கள். முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்கள் அதில் தெரிவானது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். முன்பு பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும் என்றார்கள். 2022 முதல் பதினெட்டு வயது தாண்டிய புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம், கம்பஸ் கிடைக்காத உப்புவெளிப் பிள்ளையும் சேர்த்தி. சும்மா கிடைக்காது, போட்டி கடுமை. ஆனால் அதற்கு முன்பே அந்த மென்பொருளில் சின்னச் சின்னத் திருத்தம் செய்து பழகியிருந்தால் ஒரு பிடி இருக்கும். அந்தப் பழக்கத்தைத் தருவது இந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

யாழ்ப்பாணத்தில் 'யாழ் ஐ.ரி. ஹப்' என்ற பெயரில் தொண்டர்கள் சேர்ந்து இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள், மாணவர்களுக்குப் போட்டிகூட வைக்கிறார்கள். நம் ஊரில் இருப்பது சின்னக் கூட்டம். சின்னதாக இருப்பதால் புதிதாக வரும் பிள்ளையை யாராவது கவனிப்பார்கள்.

பிள்ளைக்குச் சில வார்த்தை. புது லப்டொப் கேட்டு வீட்டை வருத்தாதே. பழையது ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் போதும், போட்டுத் தர அங்கேயே ஆள் இருக்கிறார். முதல் நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கேள்வி கேட்கும்போது "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாதே. என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், திரையில் என்ன எழுதி வந்தது, மூன்றையும் சொல். ஆங்கிலம் ஓடாது என்று பயப்படாதே, அங்கே பாதி தமிழ், பாதி ஆங்கிலம், இடையில் சிங்களமும் ஓடும். யாராவது உனக்கு நேரம் ஒதுக்கிச் சொல்லித் தந்தால், அடுத்த மாதம் புதிதாக வருகிற பிள்ளைக்கு நீ சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே எழுதாத கட்டணம் அது ஒன்றுதான்.

தாய்மார் என்னிடம் மெல்லிய குரலில் கேட்பது வேறு: "பொடியன்கள் நிறையப் பேராமே?" ஆம். முதல் இரண்டு தடவை நீங்களும் போய்ப் பின்வாங்கில் இருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இந்தத் தாய் தையல் வேலையைக் கொண்டுபோனார். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. சேரக் காசு கேட்கிற குழு, 'மூன்று மாதப் பயிற்சி, வேலை நிச்சயம்' என்கிற குழு, ஆள் சேர்த்தால் கமிஷன் தருகிற குழு, எதுவும் மென்பொருள் குழு இல்லை. கணினி வேலை, டொலரில் சம்பளம் என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடி முகாம்களில் சிக்கிய நம் நாட்டுப் பிள்ளைகளின் கதை பத்திரிகைகளில் வந்ததுதானே. நாலு மூத்தவர்களைத் தெரிந்த பிள்ளை, "இந்தக் கம்பனி உண்மையா அண்ணா?" என்று ஒரு மெசேஜ் போட்டுக் கேட்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அரசாங்க வேலைதான் வேண்டும் என்றால் இந்தக் கூட்டம் உதவாது, அங்கே பல பதவிகளுக்குப் பட்டமோ சான்றிதழோ கேட்பார்கள். பட்டத்துக்குப் பதிலாக இதை நான் சொல்லவில்லை. பட்டத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் சொல்கிறேன். ஆறு மாதம், ஆறு ஞாயிறு. நாலாவது ஞாயிறு நீங்கள் எழுப்பாமலே அவள் வெளிக்கிட்டு நின்றால் என்னிடம் வாருங்கள், எந்தப் பட்டம், எவ்வளவு செலவு, காணியைத் தொடாமல் எப்படி என்று பேசுவோம். அவள் போக மனமில்லாமல் இழுபட்டால், அதுவும் பதில்தான். அதற்கு உங்களுக்குப் போனது பஸ் காசு. வெள்ளவத்தையில் மூன்றாவது செமஸ்டரில் அதே பதில் வந்திருந்தால் காணி போயிருக்கும்.

மாமாவுக்கு நானே போன் எடுத்தேன். காசு அனுப்ப வேண்டாம் என்றபோது அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தன்னை ஒதுக்கிவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாது என்பதால் ஒரு வேலை கொடுத்தேன்: மாதம் ஒருமுறை மருமகளிடம் அவள் என்ன எழுதினாள் என்று கேட்க வேண்டும், சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்கக் கூடாது. சம்மதித்திருக்கிறார், பார்ப்போம்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் லப்டொப் சார்ஜரோடு ஒரு மல்டிபிளக்கும் கொண்டுபோங்கள். அந்த மேல்மாடியில் பிளக் பொயின்ட் இரண்டே இரண்டு, அதில் ஒன்றில் கேத்தல் இருக்கும்.