விண்ணிலேயே பழுதுபார்க்கத் தோதான செயற்கைக்கோள்: கேள்வி பதில்

கேள்வி: பழைய செயற்கைக்கோளைச் சரிசெய்வதைவிடப் புதிதாக ஒன்றை ஏவிவிடலாமே, சார்?

பதில்: 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தகவல்தொடர்புக் கோள்கள் பல கெட்டுப்போய் ஓய்வு பெறுவதில்லை; எரிபொருள் தீர்ந்துதான் ஓய்வு பெறுகின்றன. 2001-இல் ஏவிய இன்டெல்சாட் 901-ஐ 2020 பிப்ரவரியில் எம்.இ.வி-1 என்ற சேவைக்கலம் பிடித்துக்கொண்டு, தன் எஞ்சினால் நிலைநிறுத்தியது. ஐந்தாண்டுகள் கூடுதல் உழைப்பு கிடைத்தது.

கேள்வி: பிடிக்க அதில் கைப்பிடி இருந்ததா?

பதில்: இல்லை. எஞ்சின் கூம்புக்குள் ஒரு தண்டை நுழைத்து, உள்ளே விரியவைத்துப் பிடித்தார்கள். இனி வடிவமைப்பவர்கள் ஒரு பிடிமானத் தகடும், கேமராவுக்குத் தெரியும் குறிகளும் வைத்துவிட வேண்டும். கூடும் எடை மிகக் குறைவு.

கேள்வி: வடிவமைப்பு மாணவி நான். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திருகுகளை, அம்மா! ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் பல பெட்டிகள் விண்ணில் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் 2004-இல் செயலிழந்த அதன் நிறமாலைக் கருவியை விண்ணில் திறக்க வேண்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 2009-இல் அதன் மூடியைக் கழற்ற 111 சிறு திருகுகள்! ஒன்று மிதந்து போனாலும் தொலைநோக்கிக்கு ஆபத்து. கழலும் திருகுகளைப் பிடித்துவைக்கத் தனியாக ஒரு தகடு செய்து எடுத்துப்போனார்கள். கழன்றாலும் மூடியோடே நிற்கிற திருகுகளை முதலிலேயே போட்டிருந்தால் அந்தப் பாடு இல்லை.

அப்புறம், வரைபடம். 1984 ஏப்ரலில் பழுதான சோலார் மேக்ஸ் என்ற சூரிய ஆய்வுக் கோளைப் பிடிக்க விண்வெளி வீரர் ஜார்ஜ் நெல்சன் பறந்து போனார். கொண்டுபோன கருவி கவ்வவே இல்லை. வெப்பப் போர்வையைப் பிடித்திருந்த ஒரு சின்னக் குமிழ் இடித்தது. அது வரைபடத்தில் இல்லை. கோள் தாறுமாறாகச் சுழல, தரையிலிருந்து அதை அடக்கிய பிறகே சாலஞ்சர் விண்ணோடத்தின் ரோபோ கையால் பிடிக்க முடிந்தது. மாற்றுவதற்கென்றே செய்த திசைக்கட்டுப்பாட்டுப் பெட்டியோ சிக்கலில்லாமல் மாறியது. கடைசி நேரத்தில் ஒட்டும் ஒரு துண்டு டேப்பைக்கூட வரைபடத்தில் ஏற்றுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: எரிபொருள் நிரப்புவது ஏன் கடினம்?

பதில்: தரையில் நிரப்பியதும் வால்வை மூடி, கம்பி கட்டி, மேலே போர்வை போர்த்திவிடுகிறார்கள். ரோபோ முதலில் அந்தக் கம்பியை வெட்ட வேண்டும். விண்வெளி நிலையத்தில் இதற்கே தனிப் பயிற்சி நடந்தது.

கேள்வி: சின்னக் கோள்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: தாழ்வான பாதையில் சில ஆண்டுகளே இயங்குபவற்றுக்குப் பழுதுபார்ப்பு கட்டுப்படியாகாது. பிடிமானத் தகடு மட்டும் கட்டாயம் வையுங்கள். செத்துப்போனால் இழுத்து இறக்க அது வேண்டும்.