'போதும்' என்ற பிறகும் பரிமாறுவதுதான் நல்ல உபசாரமா?

இல்லை என்பேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இப்படிச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மறுவீட்டு விருந்தில் சோற்றுக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் பிழிவார்கள். தண்ணீரான மூன்றாம் பாலில் காய்கறி வேகும், பிறகு இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். ஒரு கரண்டியே வயிற்றில் கனக்கும். செரிக்க வேண்டுமே என்றுதான் கூடவே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள். சமைத்தவருக்குத் தெரிந்தது பரிமாறுகிறவருக்குத் தெரியவில்லை.

புது மாப்பிள்ளை இலைமேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைப்பார். "சும்மா சாப்பிடுங்க மாப்பிள்ளே" என்று விரல் இடுக்கு வழியாகவே சொதியை ஊற்றிவிடுவார் மாமனார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரே சிரிப்பு. இதில் விருந்தாளியின் பசிக்கு இடமே இல்லை; 'அந்த வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை' என்று ஊர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் இலையில் மிச்சம் வைத்தால் அதற்கும் முணுமுணுப்பு!

கூச்சப்படுகிறவர்கள் அரை வயிற்றோடு எழுந்துவிடுவார்களே என்பீர்கள். சரி, நியாயம்தான். அதற்கு இன்னொரு தடவை கேட்டால் போதும். சர்க்கரை நோய்க்காரர் வேண்டாம் என்று தலையாட்டிய பிறகும் அல்வாத் துண்டை இலையில் தள்ளுகிறவரை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.